தள்ளுபடி

வெள்ளவத்தைப் புடவைக்கடைக் கண்ணாடியில்
இந்தச் சொல் ஒட்டியிருந்தால்
சனம் காலி வீதிவரை நிற்கும்.
புதுக்கடையில், பதிவறையின் மூன்றாம் யன்னலில்,
இதே சொல்லை
ஒரே ஆளுக்கு மூன்று முறை தட்டெழுதினேன்.

சந்தான் எமிலியான் லெம்பேட்.
மகசின் சிறை.

முதல் பெட்டிசம்:
மகள் எழுதிய கடிதங்கள் பதினொன்று,
தமிழ் வாசிக்கிற அதிகாரி இல்லையென்று
அலுமாரிக்குள் கிடக்கின்றன.
இரண்டாம் பிரதி இணைக்கவில்லை. தள்ளுபடி.
அடுத்தது மூக்குக்கண்ணாடி.
காலம் கடந்தது.
மூன்றாவது, உள்ளதைச் சொல்கிறேன்,
பருப்பில் உப்பில்லை என்று நாலு பக்கம்.
சிரித்தேன்.
தேத்தண்ணிக் கடையில் வாசித்தும் காட்டினேன்.

நாலாவது வருவதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது:
மூன்று தள்ளுபடி கண்டவனுக்கு
இனிக் கட்டண விலக்கு இல்லை.
முத்திரைக் காசை முன்னமே கட்டட்டும்.
உடனடி உயிராபத்து என்றால் மட்டும்
யோசிக்கலாம்.

அவனுக்குச் சிறைக்குள் கோப்பு மட்டை ஒட்டுகிற வேலை.
நாட்கூலியால் முத்திரையை வகுத்துப் பார்த்தேன்,
சோற்றுப் பார்சல் சுற்றிவந்த தாளில்:
இருநூற்றுப் பத்து நாள்.
ஞாயிறு நீக்கி, போயா நீக்கி,
சவர்க்காரம் வாங்காமல்.

விதி எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
என் மேசையை நீங்கள் பார்க்கவேண்டும்.
ஒருவன் காகத்தின்மேல் வழக்குப் போட்டிருக்கிறான்,
காகத்துக்கு முகவரியும் கொடுத்திருக்கிறான்.
அந்தக் குவியலுக்கடியில் எங்கோ
ஒரு உண்மையான காய்ச்சல் அனுங்கிக்கொண்டு கிடக்கும்.
எந்தத் தாள் என்றுதான் தெரியாது.

நாலாவதை என்னிடம் தந்தார்கள்,
மொழிபெயர்த்து, ஆபத்து உடனடியா என்று சொல்ல.
'நெஞ்சுக்குள் ஒரு கல் இருக்கிறது ஐயா,
பின்னேரத்தில் கனக்கிறது.'
நோவா? கவலையா?
சிங்களத்தில் எந்தக் கல்லைத் தூக்கி வைப்பது?
உடனடி.
அந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு அடி இருக்கிறது.
விழுந்த பிறகா, ஓங்கும்போதா என்று
சுற்றறிக்கையில் இல்லை.

மின்விசிறி ஒருதரம் நின்று சுற்றியது.
நெஞ்சுநோ என்று எழுதினேன்.
'கடுமையான' என்பதையும் சேர்த்தேன்.
அது அவனுடைய சொல் இல்லை.
மட்டைக்குள் வைக்கும்போதுதான் கண்டேன்,
ஓரத்தில் பசை காய்ந்த பெருவிரல் அடையாளம்.
யாருடையதோ.

விலக்கு கிடைத்தது.

வியாழக்கிழமை ஐந்தாவது வந்தது.
ஒற்றைத் தாள். லெம்பேட் எழுதியிருந்தார்:
'கனம் ஐயா,
டொக்டர் வந்து குழாய் வைத்துப் பார்த்தார்.
நெஞ்சில் ஒன்றுமில்லையாம்.
சந்தோசம்.
தயவுசெய்து
கடிதங்கள்.'

மேல் மூலையில், முத்திரை ஒட்டவேண்டிய இடத்தில்,
பென்சிலால் ஒரு சதுரம் கீறி
உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.