காணாமற்போன கற்களின் பட்டியல்

மாவட்டத் தலைநகரிலிருந்து வந்தாள் கிஸ்லேன் வோத்ரன்,
கையில் பதினோரு பக்கம்,
காலில் புது ரப்பர் பூட்ஸ்.
எங்கள் வெர்னையில் அறுபத்து மூன்று பேர்,
பசுக்களையும் சேர்த்தால் நானூறு.
மடம் இடிந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது.
நிற்பது ஒரு வளைவும்
அதன்மேல் ஒரு காக்கைக் கூடும்தான்.
"மற்ற கற்கள் எங்கே?" என்றாள்.
மேயர் ஒபேன் தொண்டையைச் செருமினார்,
மழை வரும்போல என்றார்.

வந்தது. ஒதுங்கிய சலவைக் கொட்டகையிலேயே
மாட்டிக்கொண்டோம்.
துவைகல்லின் அடிப்புறத்தைத் தடவினாள்:
இலை, திராட்சை, ஒரு சிறகின் நுனி.
முப்பத்திரண்டாம் எண் என்று எழுதிக்கொண்டாள்.
அதன்பிறகு ஊர் வாயை மூடவே இல்லை.
சோலாஞ் வீட்டு ரொட்டி அடுப்பின் நெற்றியில்
லத்தீன் தலைகீழாய் நின்றது.
தபால் அறையின் படி
ஒரு மடத்தலைவரின் கல்லறை மூடி;
அவர் வயிற்றில் கால் துடைத்துவிட்டுத்தான்
இத்தனை காலமும் தபால்தலை வாங்கியிருக்கிறோம்.

என் முறை.
பன்றிக்கொட்டிலின் பின்சுவரில் ஒரு புனிதர் தலை.
யார் பதித்தது, தெரியாது.
எந்தப் புனிதர், அதுவும் தெரியாது.
நாங்கள் கூப்பிடுவது மாமா.
மூக்கு இல்லை,
எத்தனையோ பன்றிகள் முதுகு சொறிந்து தீர்த்த மூக்கு.
மண்டியிட்டு, டார்ச் அடித்து அளந்தாள்:
முப்பத்தொரு சென்டிமீட்டர்.
அதற்குள் என் பெண்பன்றி
பட்டியலின் ஏழாம் பக்கத்தைத் தின்றுவிட்டது.
மன்னிப்புக் கேட்டேன், பாதி மனசோடு.

சாயங்காலம் வளைவின் அடிக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
சும்மாதான், கை சும்மா இருக்காமல்.
பாசிக்கடியில் எழுத்து.
மடத்துக்கு முந்தியது, இந்த ஊரில்
சிலுவை வருவதற்கும் முந்தியது.
ரோமர் காலத்து ஒரு பெண்ணின் கல்லறைக்கல்.
பெயரில் கடைசிப் பாதி மட்டும்: லியா.
வயது பத்தொன்பது.
துறவிகள் அவளைப் பிடுங்கி வந்து
தங்கள் வாசலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மேயர் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.
"இது யார் கணக்கில், மேடம்?"

பேனா மூடியைக் கடித்தபடி
வெகுநேரம் நின்றாள்.
கடிதம் வரும் என்று சொல்லிக் காரில் ஏறினாள்,
பூட்ஸ் பூராவும் எங்கள் சேறு.
இன்னும் வரவில்லை.
பதிவுத்தபாலில் வந்தால்
மடத்தலைவர் வயிற்றில் ஏறித்தான் வாங்கவேண்டும்.

நேற்றிரவு கொட்டிலில் விளக்கை அணைக்கும்போது
லியா என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
மாமா பேசவில்லை.
பன்றி புரண்டு சுவரோடு ஒட்டிப் படுத்தது.
தொட்டேன்,
கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது.