ஆறு பத்துக்குக் கடைசி பஸ்

முந்நூறு கதிரை வாடகைக்கு எடுத்தோம்.
நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.
மிச்சத்தில் மழைப்பூச்சி இருந்தது.

நான் நாடகக் குழுவின் பொருளாளர்.
என் இடம் மேடையில்லை, வாசல்:
ஒரு மேசை, பிஸ்கற் தகரத்தில் சில்லறை,
கிழிக்கக் கிழிக்கக் குறையாத ரிக்கற் கட்டு.

"சனத்துக்கு ரசனை போயிற்று" என்றார்
நெறியாளர் நிமலகாந்தன்.
நான் வாய் திறக்கவில்லை.
ஆரையம்பதிச் சந்தியில் முதல் நாள்
மீன் விலைக்குச் சண்டைபிடித்த இருவரைச் சுற்றி
அறுபது பேர் நின்றதை எண்ணியிருந்தேன்.
எண்ணுவது என் வியாதி.
எங்கள் ஓட்டோ ஒலிபெருக்கி போன தெருக்களையும் எண்ணினேன்.
எல்லாம் எங்கள் அங்கத்தவர் குடியிருக்கிற தெரு.

அடுத்த முறை, பாதியில் எழும்பிப் போனவர்களை
கொப்பியும் கையுமாக வாசலில் மறித்தேன்.
"நல்லாத்தான் இரிக்கிகா" என்றாள்
தையல் ஆலைக்குப் போகிற டிலோஜினி,
காலால் செருப்பைத் தேடிக்கொண்டு.
"ஆறு பத்துக்குக் கடைசி பஸ்.
பாலத்துக்கு அங்கால என்னை ஆர் கொண்டு விடுற?"
சிவசோதி அக்கா குரலைத் தாழ்த்தினா:
"கக்கூசு பூட்டிக் கிடக்கு புள்ள.
ரெண்டு மணித்தியாலம் எப்பிடி இரிக்கிற?"
இன்னொருவர், பேச்சு முடிந்துவிட்டதா என்று கேட்டார்.
பிரதம விருந்தினர் மூவர் பேசிய பேச்சில்
நாடகம் தொடங்கியதே அவருக்குத் தெரியாது.

கூட்டம் வைத்தோம்.
நீல லைற் இரண்டுக்கு ஒதுக்கிய காசை
பஸ்ஸுக்கும் கக்கூசுத் திறப்புக்கும் மாற்றுங்கள் என்றேன்.
"கலையா, கக்கூசா?" நிமலகாந்தன் கத்தினார்.
"ரெண்டுக்கும் கதவு திறந்திருக்க வேணும்."
அப்படிச் சொன்னதாக இப்போது நினைக்கிறேன்;
அன்றைக்கு அழுதுவிட்டேன் போல.

விருந்தினர் உரைகளை வெட்டினோம்.
ஒரு பிரமுகர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
காத்தான்குடி ஜுனைதீனின் பஸ்,
போக வரப் பன்னிரண்டாயிரம், டீசல் அவர் பாடு.
முனைக்காட்டில் புறப்பட்டு, கொக்கட்டிச்சோலை,
மகிழடித்தீவு, மண்முனைப் பாலம்.
படுவான்கரை இறங்கி எழுவான்கரையில்
தூசி தட்டிக்கொண்டு வரிசையில் நின்றது.

தொண்ணூற்று மூன்று பேர்.
இருமுறை எண்ணினேன்.

எட்டரைக்கு, முடியக் கால் மணி இருக்க,
பதினொரு பேர் மெல்ல எழும்பி வெளியே போனார்கள்.
நெஞ்சு விழுந்தது.
மேசையை விட்டுப் பின்னால் ஓடினேன்.
பஸ்ஸுக்குள் இருந்தார்கள்,
யன்னல் சீற்றுக்கு முந்திக்கொண்டவர்கள்.
ஸ்டியரிங்கில் முகம் வைத்துச் சாரதி நித்திரை.

விளக்கில்லாத பஸ்ஸில் வாக்குவாதம்:
அந்த மனுசி காணியை எழுதிக் கொடுப்பாளா, மாட்டாளா?
"குடுக்க மாட்டாள். பேனையைப் பிடிச்ச விதத்தைப் பாத்தல்லா?"
"கடன் கழுத்தில இரிக்கி. என்ன செய்வாள்?"
"நீங்கதானே நடத்துற ஆள், சொல்லுங்ககா,
கடைசியில என்ன?"

எட்டுத் தரம் மேடையேறிய நாடகம்.
எட்டுத் தரமும் அந்த நேரத்தில்
வாசலில் குந்தி, கசங்கிய ஐம்பது ரூபாய்த் தாள்களை
நிமிர்த்திக்கொண்டிருந்தவள் நான்.
எனக்கு முடிவு தெரியாது.

சொன்னேன். சிரித்தார்கள்.
டிலோஜினி தள்ளியிருந்து இடம் விட்டாள்.
மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்கும் மட்டும்
நானும் அவளுக்காக வாதாடினேன்,
கொடுக்கவே கூடாது என்று.

நிதி தந்தவர்களின் படிவத்தில்
பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒரேயொரு கட்டம்.
93 என்று எழுதினேன், வெட்டினேன்,
82 என்று எழுதினேன், அதையும் வெட்டினேன்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
பஸ்ஸில் 11 பேர், இன்னும் முடிக்கவில்லை.

மூவாயிரத்து இருநூறு நட்டம்.
திறப்பு சிவசோதி அக்காவிடம்.