ஹீட்டர் எட்டாத மூலை

முப்பத்தேழு டிகிரியில் அடைகாத்த தட்டுகள்
ஒன்பதாம் நாளும் வெறுமை.
அவலாஞ்சியில் காட்டெருமைகள் பதினொன்று,
எமரால்டில் மனிதர்கள் நால்வர்;
கொன்றது மட்டும் முகம் காட்டவில்லை.

ஆட்டோகிளேவுக்கு அனுப்ப மறந்த தட்டு ஒன்று
ஹீட்டர் எட்டாத மூலையில் கிடந்தது.
மூடியைத் திறக்காமலே தெரிந்தது:
கேரட் தோல் நிறத்தில்
ஒரு புள்ளி.
மதியத்துக்குள் மூன்று.

சூட்டில் தேடியிருக்கிறோம், முட்டாள்கள்.
நால்வருக்கும் விரல்நுனியில்தானே தொடங்கியது,
உடம்பில் முதலில் குளிர்கிற இடத்தில்.

வெளியே குன்னூர்ச் சரிவில்
மூடுபனி ஏறி வருகிறது.
இந்த மலையே ஒரு தட்டு.

"ரெஜினா, டெல்லிக்குச் சொல்லிவிடு" என்றார் போஜன்.
சொல்லிவிட்டுக் கைகளை
ஹீட்டர்மேல் நீட்டினார், வெகுநேரம்.
அப்போதுதான் கவனித்தேன்:
வலக் கட்டைவிரலுக்குக் கீழே
ஊசி ஏறிய தடம்.

சுவிட்சை இன்னும் ஒரு படி திருகினேன்.