கண்ணாடிக்குள் தண்ணீர்

கடலுக்கு அடியில் சிரிக்கக் கூடாது.
சிரித்தால் கன்னம் உப்பும்,
முகக்கண்ணாடியின் விளிம்பு விலகும்,
அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும்.
பாறை எது பாசி எது தெரியாது.
பதினோரு வயதில் பாசி எடுக்கப் போனபோது
எனக்குச் சொல்லப்பட்ட ஒரே சட்டம் இது.
நம்புராணியோடு ஒரே வத்தையில் போகிறவளுக்கு
அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

போன மாசியில் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார்.
வெள்ளைச் சட்டை, ஒலிபெருக்கி, பேனர்.
சின்னப்பாலம் புயல் காப்பகத்தில்
முப்பது பேரை உட்காரவைத்து
சிரிக்கக் கற்றுத்தரப் போவதாகச் சொன்னார்.
சிரித்தால் ரத்தக்கொதிப்பு இறங்குமாம்,
நுரையீரல் விரியுமாம்,
படுத்ததும் தூக்கம் வருமாம்.
"முதல்ல மூச்சை இழுத்து நிறுத்துங்க."
நிறுத்தினோம்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"சரி, விடலாம்."
யாரும் விடவில்லை.
மறுபடி பார்த்தார்.
"அம்மா... விடுங்கம்மா."
மின்விசிறி மட்டும் சுற்றியது.
அவர் நெற்றியில் அரும்பிய வேர்வை
மூக்கு நுனிக்கு வந்து சேர்ந்தபோது
பின்வரிசையில் செங்கோலம்மா
புர்ரென்று வெடித்தாள்.
அப்புறம் முப்பது பேரும்.
அவர் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டார்.
நல்ல மனுசன். பேனரை மறந்துவிட்டுப் போனார்.
"சிரியுங்கள், நலமாக வாழுங்கள்"
இப்போது என் கோழிக்கூண்டுக்குக் கூரை.

அவர் சொன்னதில் பொய்யில்லை.
தராசைப் பற்றித்தான் சொல்ல விட்டுவிட்டார்.

ஏஜெண்டு பூமிநாதனின் தராசில்
சிவப்பு எண்கள் ஓடும்.
ஒருநாளும் எங்கள் பக்கம் ஓடியதில்லை.
சண்டை போட்டிருக்கிறோம்.
மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறி
ராமநாதபுரம் போய் வெயிலில் நின்றிருக்கிறோம்.
ஒரு வாரம் விற்காமல் காயவைத்து
மழை வந்து, எல்லாம் அழுகி...
அதை விடுங்கள்.

ஒரு சாயங்காலம் நம்புராணி
மூட்டையை வைக்கவில்லை.
ஈரம் சொட்டும் சட்டையும்
விரலில் சுற்றிய துணியுமாக
தானே ஏறித் தராசில் நின்றாள்.
நாற்பத்தொன்பது.
"பாம்பன் ஆஸ்பத்திரியில
காஞ்ச சேலையோட அம்பத்தெட்டு.
மிச்சம் ஒம்பது கிலோ என்னைய
எங்கய்யா வச்சிருக்கீக?
ஒங்க வீட்ல இருந்தாச் சொல்லிருங்க,
எம்புருசன் தேடுவாரு."

ஐஸ் வண்டிப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
பூமிநாதன் உதட்டைக் கடித்துப் பார்த்தார்.
முதலில் மீசை ஆடியது.
அப்புறம் தொப்பை.
சிரித்து முடித்த மனிதனுக்கு
உடனே கோபப்பட வருவதில்லை.
அந்த இடுக்கில்தான் நாங்கள் புகுந்தோம்.

மறுநாள் அவள் எடை ஐம்பத்தாறு.
"ரெண்டு கிலோ இன்னும் அங்கனதான் கெடக்கேன்" என்றாள்.
கிடக்கட்டும்,
இன்னொரு நாள் வாங்கிக்கொள்வோம்.

ஐப்பசியில் அவள் மகன் போன படகு திரும்பவில்லை.
நாலு நாள் யாரும் வத்தை இறக்கவில்லை.
அவள் வாசலில் கூடி உட்கார்ந்தோம்,
யாருக்கும் ஒரு சொல் வரவில்லை.
அவளுக்கும்தான்.
அதற்கெல்லாம் மருந்து எந்தப் பேனரிலும் இல்லை.
ஐந்தாம் நாள் என்ஜின் பழுதான படகை
இன்னொரு படகு இழுத்து வந்தது.
உதடு வெடித்து, கண் குழிந்து இறங்கினான்.
ஓங்கி ஓர் அறை விட்டாள்.
கட்டிக்கொண்டாள்.
வெகுநேரம் கழித்து,
"மீன் எங்கடா?" என்றாள்.

மறுவாரம் கடலுக்கு அடியில்
பாறையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.
கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி,
தொப்பையைத் தடவி
பூமிநாதனாக மாறினாள்.
என் கண்ணாடிக்குள் கடல் புகுந்தது.
இருமிக்கொண்டே மேலே வந்து
வத்தையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினோம்.
பிடி தளர்ந்த பாசி
நீரோட்டத்தோடு போயே போய்விட்டது.

அன்றைக்கு என் மூட்டையில் மூன்று கிலோ குறைவு.
தராசைக் குற்றம் சொல்வதற்கில்லை.