எண்பத்தைந்து வேண்டாம்

திபிலிசி. சனிக்கிழமை. உலர்பாலத்துச் சந்தை.
பழைய காரின் பானட் மேல் கம்பளி விரித்து
நுக்ஸார் கடை போட்டிருக்கிறார்:
ராணுவப் பதக்கங்கள், பல் பிடுங்கும் குறடு,
சோவியத் காலத்து லென்ஸ்கள் பதினொன்று.
ஒவ்வொன்றாய் வானத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன்.
ஒன்றில் பூஞ்சை, வேரே விட்டிருக்கிறது.
ஒன்றில் தூசி.
தூசி படத்தில் தெரியாது,
பேரம் பேச உதவும்.

"எண்பத்தைந்தை எடு," என்கிறார்.
"முகம் அப்படியே நிலா மாதிரி வரும்."
வரும்.
ஆனால் நான் எடுக்கப்போவது
எதிர்வீட்டு எத்தேரியும் வாஜாவும்
சமையலறையில் சண்டை போடுவதை.
இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது.
எண்பத்தைந்தில் முகம் இருக்கும்,
வாக்கியம் மணிக்கட்டோடு அறுந்துவிடும்.

போன வாரம் ஐம்பதில் எடுத்தேன்,
துளையை இரண்டுக்குத் திறந்து.
பின்னால் அடுப்பு வெண்ணெயாய் உருகியது.
எத்தேரியின் இமைமயிரை எண்ணலாம்.
அவள் கையை முன்னால் நீட்டி
யாரையோ திட்டினாள்.
விரல்கள் மூடுபனிக்குள் போய்விட்டன.
யாரை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஷட்டரும் மெதுவாக வைத்திருந்தேன்,
ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வால்.
திரையைப் பார்த்து வாஜா சிரித்தார்:
"குடித்துவிட்டு உளறுகிற மாதிரி இருக்கிறேன்."

ஆகவே முப்பத்தைந்து.
துளை ஐந்தரைக்கு இறங்கும்.
ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு;
அதற்குக் கீழே விரல் கரையும், இந்த ஊர் மின்சாரத்தில்
மேலே போனால் விளக்கு துடிக்கும்.
அழகு போகும்.
உப்பு டப்பா, கரண்ட் பில், போன வருஷக் காலண்டர்
எல்லாம் கூர்மையாக வந்து நிற்கும், அழையா விருந்தாளிகள்.
நிற்கட்டும்.
இழந்த வெளிச்சத்துக்கு ஹார்டுவேர் கடையில்
இரண்டு பெரிய பல்பு.
வளையம் ஒன்று, லென்ஸைக் கேமராவோடு சேர்க்க.
ஒரு கால் நொண்டுகிற முக்காலி;
உருளைக்கிழங்கு மூட்டையைத் தொங்கவிட்டால் ஆடாது.

நுக்ஸார் விடவில்லை.
செத்த பூனை மாதிரி ரோமம் போர்த்த மைக் ஒன்றை
அடியிலிருந்து எடுத்தார்.
"பாதிப் படம் சத்தம்தான், தெரியுமா?"
நான் சிரித்தேன்.
நாற்பது லரி மிச்சம் என்று
பாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அன்று இரவு, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் கேமரா.
எத்தேரி திரையின் மூலையைத் தொட்டாள்.
"இது என்ன, பச்சையாய்க் குதிக்கிறது?"
"சத்தம்."
"யாருடையது?"
அவள் உள்ளங்கைகளைக் காட்டினேன்.

நம்பவில்லை. போதும் என்றாள், கைமேல் கை அடித்து.
கோடு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பைத் தொட்டது.
மறுபடி: போதும்.
மறுபடி.
மாவு பிசையும் பலகையைத் தட்டினாள், காலால் தரையை உதைத்தாள்,
ஸ்பூனைக் கீழே போட்டாள்.
பிறகு வாஜாவிடம் திரும்பி,
"முப்பது வருஷமாய் இவ்வளவு சத்தமாகவா திட்டினேன்?"
"எனக்குத் தெரியும்," என்றார் அவர்,
"மேஜை சொல்லிவிடும்."

கேமராவில் ஆணி குத்தியது போல் ஒரு சின்ன ஓட்டை,
அதுதான் என் மைக்.
அவள் கைகளைவிட
குளிர்பெட்டியின் முனகலை நன்றாகப் பிடித்திருந்தது.
நாற்பது லரி. சட்டைப் பையில் சுட்டது.

சண்டை பத்து நிமிஷத்தில் தானாகவே வந்தது,
அவருடைய அக்காவைப் பற்றித்தான்.
எப்போதும் போலவே முடிந்தது:
எத்தேரி விளக்கை அணைத்தாள்.
அந்த வீட்டில் கடைசி வார்த்தை
சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவருடையது.

நான் நிறுத்தவில்லை.
படம் கருப்பு. ஐஎஸ்ஓவை ஏற்ற ஏற்ற
எறும்புகள்தான் ஊர்ந்தன.
மூலையில் மட்டும் பச்சை,
சின்னதாய், சீராய், இரண்டு இரண்டாய்:
வாஜாவின் விரல், மேஜைமேல்.

ரொம்ப நேரம் எதுவும் இல்லை.

பிறகு மறுமுனையிலிருந்து
ஒன்று.