ஐம்பது கிராம்

முதலில் சக்கரத்தைச் சொல்ல வேண்டும்.
பேரிங்கில் இருந்த மசகைப் பெட்ரோலில் கழுவிவிட்டு
விரலால் சுண்டினோம்.
இரண்டு நிமிடம் பதினொரு வினாடி ஓயாமல் சுழன்றது.
மூன்று சக்கரங்கள் அப்படி.
பின்பக்க இடது மட்டும்
திங்கட்கிழமைப் பிள்ளை மாதிரி
நாற்பதிலேயே நின்றுவிடும்.

யெசெனிட்சேயில் அப்போது பனி.
உருக்காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில்
பள்ளிப் பட்டறையில் நாங்கள் நாலு பேர்.

வண்டி ஒரு சாண் நீளம். பால்சா மரம்.
முதுகில் ஒரு துளை, சோடா சிலிண்டர் நுழைய.
ஊசி குத்தும், வாயு பீறிடும்,
இருபது மீட்டர் தீர்ந்துவிடும்.
ஒரு சொடுக்கு.
அந்தச் சொடுக்குக்கு ஏழு மாதம்.

ஊர்பான் கணினியில் வரைந்தான், அழித்தான்.
பதினேழாவது மூக்கைப் பார்த்து
வாத்து என்று சிரித்தாள் த்யாஷா.
வாத்துதான் காற்றைப் பிளந்தது.

காற்றுச் சுரங்கம் எங்கள் சொந்தத் தயாரிப்பு:
உடைந்த மீன்தொட்டி, சமையலறை விசிறி,
தேன்கூடு போல் அடுக்கிய ஆயிரம் உறிஞ்சுகுழல்.
புகைக்கு, அன்ஷேயின் அத்தை தன் தேன்பெட்டிகளுக்குப் போடும் புகைக்கலம்.
புகை மூக்கில் ஏறி, கூரையில் வழுக்கி,
பின் இறக்கையில் வந்து
பூனை வால்போல் சுருண்டது.
சுருளக் கூடாது.
மறுபடி வரைந்தான்.

நான் எடைக்காரி.
நகைக்கடைத் தராசு என் பொறுப்பு.
ஐம்பது கிராமுக்குக் கீழே போனால் வண்டி ஓடாது,
மேலே போனால் மெதுவாக ஓடும்.
பெயின்ட் இரண்டு கிராம், ஸ்டிக்கர் அரை.
பணம் கொடுத்த ரொட்டிக்கடைக்காரரிடம்
பெயரைச் சின்னதாக்கலாமா என்று கேட்டவளும் நான்தான்.
இன்னும் அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

மரிபோருக்குக் கிளம்பும் முந்தைய இரவு
ஐம்பது புள்ளி மூன்று காட்டியது.
அந்த மூன்று
கண்ணில் விழுந்த தூசி.
எல்லோரும் போன பிறகு உப்புத்தாளை எடுத்தேன்.
பெயின்ட் படாத அடிவயிற்றில்
கைக்குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல்
தேய்த்தேன்.
ஐம்பது புள்ளி ஒன்று.
சொல்லவில்லை.

மரிபோர் அரங்கில் ஹீட்டர் அனலாய்க் கொதித்தது.
கையுறை போட்ட நடுவர் தராசில் வைத்தார்:
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.

"சூட்டில் மரம் ஈரத்தை விட்டிருக்கும்" என்றான் அன்ஷே.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும்.
உண்மைதான், ஒரு பங்கு.
மறு பங்கு என் சட்டைப்பையில்
மடித்த உப்புத்தாளுக்குள் மாவாக இருந்தது,
ஒரு சிட்டிகை.
நான் கை வைக்காதிருந்தால்
சரியாக ஐம்பது.

பத்து நிமிடம் தந்தார்கள்.
த்யாஷா கைப்பையைக் கவிழ்த்தாள்.
கருஞ்சிவப்பு நகப்பூச்சு.
அடிவயிறு முழுக்க ஒரு பூச்சு.
ஈரத்தில் ஐம்பது புள்ளி ஐந்து.
காயக் காய இறங்கியது.
நான்கு. இரண்டு. ஒன்று.
தராசு எங்கள் மூச்சையும் நிறுத்துவிடும் என்று
வாயைப் பொத்திக்கொண்டோம்.
ஐம்பது.
அங்கே நின்றது.
நடுவரின் பேனா நகர்ந்தது.

ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
விளக்கு அணைந்தது, ஊர்பான் அழுத்தினான்,
அடுத்த முனையில் துவாலைக்குள் புதைந்து கிடந்தது வண்டி.
ஒன்று புள்ளி ஒன்று நான்கு.
பக்கத்துத் தடத்தில் ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.
இடது பின்சக்கரம் என்றான் அன்ஷே.
இருக்கலாம்.

திரும்பும் வழியில் த்ரோயானேயில் பஸ் நின்றது.
முகமளவு குரோஃப், உள்ளே ஆப்ரிகாட் ஜாம்.
மீசையெல்லாம் சர்க்கரையாய் ஊர்பான் மென்றுகொண்டிருந்தபோது
உப்புத்தாளை மேசையில் பிரித்து வைத்தேன்.
எண்களோடு சொன்னேன்.

யாரும் பேசவில்லை.
பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.
ஊர்பான் தாளைத் திருப்பிப் பார்த்து,
"எண்ணூறா? ஆயிரத்து இருநூறு எடுத்திருக்க வேண்டும்,
இது கீறும்" என்றான்.

"நகப்பூச்சு இரண்டு யூரோ நாற்பது"
என்று கையை நீட்டினாள் த்யாஷா.