எல்லாம் அடக்கம்

மூன்று திட்டங்கள் இருந்தன.
காலைச் சிற்றுண்டி மட்டும் என்பது ஒன்று.
இருவேளைச் சாப்பாடு, கடல் பார்த்த ஜன்னல் என்பது இன்னொன்று.
மூன்றாவதில் ஒரே ஒரு வரி:
எல்லாம் அடக்கம்.

ஈட்டிய விடுப்பை விற்ற பணம்.
இருபத்திரண்டு வருடமாக
பால், கேபிள், கேஸ், மொய், பல் டாக்டர் என்று
எழுதி எழுதி மூலை மடங்கிப்போன நோட்டை
ஈரோட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
நாலு நாளைக்கு நான் எதையும் கூட்டமாட்டேன் என்றேன்.
தெய்வசிகாமணி சிரித்துவிட்டு
மூன்றாவதில் விரலை வைத்தார்.

அரியமான் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் விடுதி.
வரவேற்பில் ஒரு பெண் என் மணிக்கட்டில்
ஆரஞ்சுப் பட்டை ஒன்றைப் பூட்டினாள்.
குளித்தாலும் கழற்ற முடியாதாம்.
இளநீர் அடக்கம், வஞ்சிர வறுவல் அடக்கம்,
சாயங்காலம் ஒரு பையன் தப்புத்தப்பாக வாசிக்கும்
கீபோர்டும் அடக்கம்.
கடலும் அப்படித்தான்.
ஆறவைத்த கஞ்சிபோல் ஏடுகட்டிக் கிடந்தது.
இந்தப் பக்கத்துக்குப் பெண்கடல் என்று பெயர் என்றார்கள்.
வைத்தவன் எந்த வீட்டுக்காரனோ.

மூன்றாம் நாள் ஏழாவது வகைப் பாயசத்தின்போது
பக்கத்தில் பழைய இடங்கள் ஏதும் உண்டா என்று கேட்டேன்.
"அது மட்டும் தனிங்க மேடம்."

ஜகுபரின் வண்டியில் சீட்டெல்லாம் மணல்.
"அந்தப் புயல் ராத்திரி
ஆண்கடல் பெண்கடல்னு ஒண்ணும் இல்ல,
ரெண்டும் ஒண்ணாயிருச்சு.
ரயிலோட போச்சு தனுஷ்கோடி" என்றார்.
தெய்வசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார்.
"மூணு மணிக்கெல்லாம் சாப்பாட்டை எடுத்துருவாங்களாமா."

அழகன்குளத்தில் ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனேன்.
தென்னைகளுக்கு நடுவே ஒரு மேடு. இரண்டு ஆடு.
"இங்கதான் தோண்டுனாங்க.
ரோமாபுரிக் காசு, சாடி, பாசிமணி.
எடுத்தத எடுத்துட்டுக் குழிய மூடிட்டாங்க."
செருப்புக்கடியில் ஒரு ஓட்டுச் சில்லு, கழுத்துப் பகுதி.
உள்பக்கம் வனைந்த விரலின் பள்ளம்.
என் சுண்டுவிரல்தான் அதில் உட்கார்ந்தது.

இறக்குகூலி இவ்வளவு,
காவலுக்கு இவ்வளவு,
உடைந்தது ஒன்று
என்று இந்த மேட்டில் குந்தி
யாரோ எழுதியிருப்பார்கள்.
அந்த ஒன்று இதுதானோ என்னவோ.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
ஆடு வந்து முகர்ந்து பார்த்தது.

பெரியபட்டினம் போகும் வழியில், புதுமடத்தில்,
கேட்காமலே வண்டியை ஓரங்கட்டினார் ஜகுபர்.
"ஒரு நிமிஷம் மேடம். எங்க அத்தா இங்கதான் அடக்கம்."
சுண்ணாம்புச் சுவர், அதற்குள் மீசான் கற்கள்,
வேலிக்கருவையின் கிழிந்த நிழல்.
அவர் கையேந்தி நின்றது
இரண்டு நிமிஷம்கூட இருக்காது.
தெய்வசிகாமணி கடிகாரம் கட்டிய கையை
மெல்லப் பின்னால் வைத்துக்கொண்டார்.
நான் பட்டையைச் சேலைத் தலைப்பால் மூடினேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

அதற்கப்புறம் சாப்பாட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பனைக் கூட்டத்தடியில் ஒருத்தி நுங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
ஆறு, அறுபது ரூபாய்.
மூன்று நாளாகத் திறக்காத பர்ஸின் ஜிப்
உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது.
பல்லால் கடித்து இழுத்தேன்.
அவள் பார்த்துச் சிரித்தாள்,
கேட்காமலே இரண்டைக் கொசுறாகப் போட்டாள்.
தண்ணீர் முழங்கைவரை வழிந்து
பட்டைக்குள் புகுந்து பிசுபிசுத்தது.

திரும்பும்போது நாலேகால்.
மேஜை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அதே பெண், கத்தரிக்கோலோடு.
"பாக்கி ஏதுமில்லை மேடம்."
மணிக்கட்டில் வெளுத்த வளையம் மட்டும்
அடுத்த வாரம்வரை இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.
ஜகுபர், வண்டி, இரண்டாயிரத்து நானூறு.
நுங்கு, அறுபது.
கொசுறு, இரண்டு
என்று எழுதிவிட்டேன்.
அது வரவா செலவா என்றுதான்
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
அடுப்பில் பால் பொங்கும் சத்தம்.